தூக்குச்சட்டி லேபிள்

கோர்ட்டில் நான் சொன்னது ஒரே ஒரு பொய். மற்றதெல்லாம் காகிதத்தில் இருந்தபடியே சொன்னேன். அந்தக் காகிதங்களையும் நான்தான் எழுதியிருந்தேன். என் அக்கா வீட்டுக்காரரின் தொழில் அந்தப் பொய்யில் போயிற்று.

அத்தான் இடைசெவல் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். மழை ஏமாற்றிய ஒரு வருஷம் காட்டை வாரத்துக்கு விட்டுவிட்டு, கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி ஷெட் போட்டார். நான் பாளையங்கோட்டையில் எம்.ஏ. முடித்து வேலை கிடைக்காமல் இருந்தேன். சின்ன யூனிட்டுகளுக்கு வரிச்சலுகை உண்டு என்பதால், ஒரே ஆள் நடத்தும் ஷெட்டுகளைச் சொந்தக்காரர்கள் பெயரில் பிரித்துப் பிரித்துப் பதிந்துகொள்வது அப்போது எங்கள் ஊர் வழக்கம். அத்தானின் முதல் ஷெட்டுக்கு லைசென்ஸ் என் பெயரில் எடுத்தோம். அதே ஷெட்டில் அவர் மேஸ்திரி என்று ஒரு தாள் எழுதினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பார். என்ன தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

லேபிளுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. மயில், மான், சிங்கம் எல்லாவற்றையும் ஏற்கெனவே யாராவது போட்டிருந்தார்கள். அந்த வாரத்தில்தான் நான் அத்தானுக்குச் சோறு கொண்டுபோகும்போது கரிசல் சகதியில் சைக்கிளோடு சறுக்கி விழுந்தேன். தூக்குச்சட்டி கல்லில் மோதி, வயிற்றுப் பக்கம் ஒடுக்கு விழுந்துவிட்டது. "சோத்தையும் கொட்டி சட்டியையும் ஒடுக்கிட்டு வந்து நிக்கான் பாரு, எம்.ஏ. படிச்ச தொர" என்று அக்கா ஏசினாள். அத்தான் சிரித்தார். மறுநாள் அந்தச் சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு சிவகாசி அச்சகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். படம் வரைகிறவர் ஒடுக்கை விட்டுவிட்டு வரையப் பார்த்தார்.

"அதையும் போடும் வே. ஒடுக்கு இருந்தாத்தான் அது நம்ம சட்டி" என்றார் அத்தான்.

வடநாட்டில் பெயரைப் படித்துத் தீப்பெட்டி வாங்குகிறவர்கள் குறைவு. படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். ஐந்தாறு வருஷத்தில் ஒடுக்கு விழுந்த அந்தச் சட்டிக்கு அங்கே தனி மதிப்பு வந்துவிட்டது. தபால் எழுதியது நான், இங்கிலீஷ் பேசியது நான், வியாபாரிகளை ரயிலடியில் போய் அழைத்து வந்ததும் நான். ஒருமுறை வடநாட்டு வியாபாரி ஒருவர் ஷெட்டுக்கு வந்தபோது, "இவர் யார்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். அத்தான் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "நமக்கு லெட்டர் எழுதுத பையன்." அதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல வேண்டியவனும் நான்தான். சொன்னேன். பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள்.

தொண்ணூறுகளில் லேபிள் திருட்டு அதிகமானது. நம்முடையதை டிரேடு மார்க் பதிந்துவிடு என்று அத்தான்தான் என்னிடம் சொன்னார். விண்ணப்பத்தில் உரிமையாளர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது, இதுவும் அப்படியே இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதும்போது என் காதில் கேட்டது அந்தப் பெண்களின் சிரிப்பு.

பதிவு கைக்கு வந்து இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேன். அத்தான் தன் மகன் பெயரில் இன்னொரு ஷெட் போட்டு அதிலும் தூக்குச்சட்டி ஒட்டியபோது, வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். லாரி ஆபீசில் அவர் பண்டல்களை நிறுத்தினேன். அன்று மத்தியானமே வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"ஏலே, என் சட்டிக்கு நீ எனக்கே நோட்டீசு விடுதியோ?"

"சட்டப்படி பேசுங்க அத்தான்."

"அத்தான்னு சொன்னே, வாயக் கிழிச்சுப்போடுவேன். எவன் காட்டுச் சோளத்தத் தின்னு எம்.ஏ. படிச்சே?"

"நீங்க என் ஷெட்டுல மேஸ்திரி. தாள்ல அப்படித்தான் இருக்கு."

அவர் தன் இடது கைப் பெருவிரலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார். துப்பல் என் வேட்டியில் விழுந்தது. அந்த வேட்டியோடுதான் வக்கீலைப் பார்க்கப் போனேன். ஆத்திரம் ஆறிவிடக் கூடாது என்று இருந்தது எனக்கு.

வழக்கு தூத்துக்குடியில் நடந்தது. அத்தான் ஜெயித்தால் அந்த லேபிளில் தொழில் நடத்தலாம், தோற்றால் பெயரில்லாத தீப்பெட்டியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதிவுக்கு முன்பே லேபிள் தன்னுடையது என்று அவர் காட்டியாக வேண்டும். பழைய லேபிள் தாள் ஒன்றுகூட அவரிடம் இல்லை. அச்சில் சின்ன மாற்றம் செய்தாலும், மிச்சம் இருக்கும் பழைய தாள்களைத் திருடர் கையில் சிக்காமல் முதலாளியே முன்னால் நின்று எரிப்பது எங்கள் தொழிலில் முறை. அத்தான் ஒரு தாள் விடாமல் எரித்திருந்தார். திருடன் வீட்டுக்குள்ளே இருப்பான் என்று நினைக்கவில்லை. படம் வரைந்தவர் இறந்துபோயிருந்தார். லைசென்ஸ்படி பழைய ஷெட் என் கைக்கு வந்திருந்ததால், பெட்டி ஒட்டிய பெண்கள் அதற்குள் என்னிடம்தான் வேலை பார்த்தார்கள். யாரும் சாட்சிக்கு வரவில்லை.

கடைசியில் அக்கா அந்தத் தூக்குச்சட்டியையே மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தாள்.

என் வக்கீல் அதை வாங்கி உருட்டிப் பார்த்தார். "இந்த ஒடுக்கு எப்பம்மா விழுந்தது? போன வாரமா?"

கோர்ட்டில் சிரித்தார்கள்.

"எந்தம்பி சைக்கிள்ல இருந்து விழுந்து ஒடுக்கினான். லேபிளு போடுததுக்கு முந்தி. அன்னா நிக்கானே, அவன்கிட்டக் கேளுங்க. பொய் சொல்ல மாட்டான்."

நான் கூண்டில் ஏறியதும் அத்தானின் வக்கீல் சட்டியை என் முன்னால் வைத்து, "இதைத் தெரியுமா?" என்று கேட்டார். மூடியின் கைப்பிடியில் அக்கா சுற்றிய நூல்கூட அப்படியே இருந்தது.

"இதை நான் பார்த்ததே இல்லை" என்றேன்.

அக்கா அழவில்லை. சட்டியைப் பையில் போட்டுக்கொண்டாள். என்னைத் தாண்டிப் போகும்போது, "நல்லா இருலே" என்றாள். அதைவிடக் கெட்ட வார்த்தையை நான் கேட்டதில்லை.

ஜெயித்தேன். அத்தான் வேறொரு படம் போட்டுப் பார்த்தார். வடநாட்டில் யாரும் வாங்கவில்லை. இரண்டே வருஷத்தில் ஷெட்டை மூடிவிட்டுக் காட்டுக்கே திரும்பினார். அவர் மகன் புதியம்புத்தூரில் தையல் மிஷினில் உட்கார்ந்தான். என் பிழைப்பும் நீளவில்லை. மிஷின் தீப்பெட்டி வந்ததும் நானும் மூடினேன். பெரிய ஆலைக்காரர் ஒருவர் லேபிளை மட்டும் விலைக்குக் கேட்டார். அன்றுதான், அது விற்க என்னுடையதல்ல என்ற எண்ணம் முதல்முறையாக என்னை உறுத்தியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அதுவரை உறுத்தவில்லை.

லேபிளை அத்தான் பெயருக்கு மாற்றும் பத்திரத்தை எழுதி, என் கையெழுத்தைப் போட்டு, மை டப்பாவோடு இடைசெவல் பஸ்ஸில் ஏறினேன். அத்தான் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தூக்குச்சட்டியில் பருத்திக்கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். கோர்ட்டில் சொன்னது பொய் என்று சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாதா? நீ விழுந்தப்போ முட்டில மஞ்சப்பத்துப் போட்டது யாரு?" என்றார்.

"மன்னிக்கச் சொல்லல. இதுல ஒரு கைநாட்டு மட்டும் வச்சிருங்க. லேபிள் உங்களுக்கு வந்துரும்."

தாளை அவர் வாங்கவேயில்லை. "நீ காட்டுன எடத்துல எல்லாம் வச்சுதான் இங்கன வந்து நிக்கேன். இனிமே நீ சொர்க்கத்துக்குப் பட்டா எழுதிக் கொண்டாந்தாலும் வைக்க மாட்டேன். மாடு மெரளுது, போயிரு."

"படிச்சுக் காட்டுதேன் அத்தான்."

"அன்னைக்குப் படிச்சுக் காட்டிருக்கணும்."

பஸ்ஸுக்கு நடந்தேன். பத்திரம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, அவர் விரல் படவேண்டிய கட்டம் வெறுமையாக. ஆலைக்காரருக்கு லேபிளை விற்கவில்லை. பதிவைக் காலாவதியாக விட்டால் வேறு எவனாவது பிடித்துக்கொள்வான். அதனால் புதுப்பிக்கும் தாள் வரும்போதெல்லாம் எடுத்து நிரப்புகிறேன். உரிமையாளர் என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் என் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.