உப்பு மாறிய கரைசல்

ஹிராய்வா-சான் பிறவியிலேயே பயந்த சுபாவம். நாகோயாவில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பத்தொன்பது வருடமாகக் கரைசல் தயாரிக்கிறார். மின்தராசை அணைத்தோமா என்று ரயில் நிலையம்வரை போய்த் திரும்பி வருவார். நாங்கள் கேலி செய்வோம். அந்த வியாழக்கிழமை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மாதக் கடைசியில் உப்பு டப்பாக்களை எடைபோடுவது வழக்கம். சோடியம் குளோரைடு குறையவே இல்லை. பக்கத்திலிருந்த பொட்டாசியம் குளோரைடுதான் குறைந்திருந்தது.

"போன வாரம் புதன்கிழமை மாத்திப் போட்டுட்டேன்" என்றார். உதடு வெளுத்துவிட்டது.

"கரைசலை மெஷின்ல அளந்து பாத்தீங்கதானே?" என்றேன்.

"பாத்தேன். எப்பவும் வர்ற இருநூத்தி முப்பதுதான் வந்துச்சு. அந்த மெஷின் எத்தனை துகள்னு சொல்லும், என்ன துகள்னு சொல்லாதே!"

நீர்த்த கரைசலில் செல் தண்ணீர் குடித்து வீங்கும். குளோரைடு போகும் வாசல்கள் செல்லில் பல வகை. செல் வீங்கினால் மட்டும் திறக்கும் வகை ஒன்று உண்டு. அதன் வழியே குளோரைடு வெளியேற, வேறு வாசல் வழியே பொட்டாசியமும் போக, தண்ணீரும் பின்னாலேயே போய், செல் பழையபடி சுருங்கும். எங்கள் ஆராய்ச்சி மாணவன் நிஷிகியின் மருந்தைப் போட்டதும் செல் சுருங்கவில்லை. அந்த வாசலை அடைக்கும் மருந்து கிடைத்துவிட்டதென்று பையன் குதித்தான். நாளை கியோட்டோ மாநாட்டில் அறிவிக்கப்போகிறான். ஆனால் வெளியே பொட்டாசியம் நிறைந்திருந்தால், உள்ளே இருப்பது வெளியேற முடியாமல், மருந்தே இல்லாமலும் செல் சுருங்காது. மருந்தில்லாத சோதனையை அவன் முந்தைய சரியான கரைசலில் முடித்திருந்தான்; மருந்து போட்ட சோதனை மட்டும் இந்த மாறிய கரைசலில்.

"சொல்லாம விட்டுடலாமா?" என்று ஹிராய்வா-சான் என்னைக் கேட்டார். விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். வெட்கக்கேடு. நான் பதில் தேடுவதற்குள் அவரே எழுந்து போய் நிஷிகியிடம் சொல்லிவிட்டார்.

அவன் திட்டவில்லை. சரியான கரைசலில் மருந்தைக் கலந்து, மூவரும் நுண்ணோக்கித் திரை முன் நின்றோம். செல் வீங்கியது. சுருங்காமல் அப்படியே நிற்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். ஆறாவது நிமிடம் ஓரம் உள்வாங்கத் தொடங்கியது.

"சுருங்குது. மருந்து வாசலை அடைக்கல" என்றான் நிஷிகி.

மன்னிப்புக் கேட்டு இடுப்பை வளைத்துக் குனிந்த ஹிராய்வா-சான் நிமிரவே இல்லை.

"நிமிருங்க. நாளைக்கு மேடையில சொல்லியிருந்தா என் கதி என்ன?" என்றபடி நிஷிகி மாநாட்டுக்காக அச்சடித்த தாளை விரித்தான். அவன் பெயர், பேராசிரியர் பெயர், மூன்றாவதாக ஹிராய்வா-சானின் பெயர். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. "நீங்களே அங்க வந்து பாக்கணும்னு சொல்லாம வெச்சிருந்தேன்" என்றான்.

அவர் தன் பெயரை ஒரு தடவை படித்தார். பிறகு இனி மேடைக்கு உதவாத அந்தத் தாளைத் தானே சுருட்டி அவனிடம் கொடுத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.