நடிகர் வீட்டுக் குதிரைப் படம்

பெரிய நடிகர் ஒருவர் வீட்டுச் சுவரில் நாலு நாள் தொங்கினால் போதும், கிழிந்த காலண்டருக்குக்கூட ஏலத்தில் விலை எகிறிவிடும் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். அதை மைக்கில் சொல்லவும் வைத்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி. ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு ஊரில், கத்தோலிக்கக் கோயில் நடத்தும் பங்குப் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிகக் கணக்கு வாத்தியார். என்னை நிரந்தரமாக்குவதா, மூட்டை கட்டச் சொல்வதா என்பது பங்குச் சாமியார் கையில் இருந்தது. ஜூன் மாதம் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் மே மாதத் திருவிழா. கொடி இறக்கியதும் காணிக்கையாக வந்த சேவல், ஆடு, வாழைத்தார், பூசணிக்காய் எல்லாவற்றையும் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். வாத்தியார்களும் ஆளுக்கொன்று கொடுத்தாக வேண்டும் என்றார் சாமியார். என்னிடம் கோழியும் கிடையாது, கொல்லையும் கிடையாது. ஒரு படம் இருந்தது.

என் மாமா பையன் மெட்ராசில் பத்திரிகைப் படங்களுக்கு அச்சு பிளாக் செய்யும் இடத்தில் வேலை பார்த்தான். படக்கதைக்காக ஓவியர் வரைந்து அனுப்பும் அட்டைகள், பிளாக் எடுத்த பிறகு அங்கே மூலையில் கிடக்குமாம். அதில் ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தான். ஒரு கொள்ளைக்காரன் உடைந்த பாலத்தைக் குதிரையில் தாண்டுகிறான். கறுப்பு மை, பிசகிய இடத்தில் வெள்ளைப் பெயின்ட், ஓரத்தில் பென்சில் கிறுக்கல்.

சாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னய்யா இது, பசங்க வரைஞ்சதா?"

அந்த நொடியில் வேலை கையை விட்டு நழுவுவதாக எனக்குத் தோன்றியது. வாய் தானாகத் திறந்தது. "இல்லீங்க சாமி. மெட்ராஸ்ல அந்தப் பெரிய நடிகர் இருக்காருல்ல, அவரு வூட்டுல மாட்டியிருந்த படம்."

சாமியார் முகம் மலர்ந்தது. நவநாள் ஒன்பது நாளும் பூசை முடிந்ததும் மைக்கில் அறிவிப்பு. நான் ஒரு தடவை சொன்ன பொய்யைக் கோயில் ஒலிபெருக்கி ஊருக்கெல்லாம் சொன்னது.

ஐந்தாம் நாள் பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து அந்த நடிகரின் ரசிகர் மன்றத் தலைவர் இறங்கினார். சைக்கிள் கடைக்காரர். கூடவே நாலு பேர், நாலு பேரும் கைலியை மடித்துக் கட்டியிருந்தார்கள்.

"சார், அண்ணன் வூட்டுல இது எங்க மாட்டியிருந்துச்சு?"

"ஹால்லதான்."

"நான் ரெண்டு தரம் போயிருக்கேன். கண்ணுல படலியே?"

"உள் ரூமா இருக்கும்."

"சரி விடுங்க. எப்படியும் ஏலத்துல எடுக்கிறோம். மாலை போட்டு அண்ணன் கையிலயே திருப்பிக் கொடுத்துட்டு, ஒரு போட்டோவும் எடுத்துக்கப் போறோம்."

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் படத்தைப் பார்ப்பார். 'இது யார் வூட்டுக் குதிரை?' என்பார். இவர்கள் அடுத்த பஸ்ஸில் சாமியாரிடம் வருவார்கள். நான் அதற்கடுத்த பஸ்ஸில் ஊர் போய்ச் சேருவேன். பாவசங்கீர்த்தனம் செய்து மனப்பாரத்தை இறக்கலாம் என்றால், கூண்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பவரும் அதே சாமியார்தான். கணக்கு வாத்தியார் அல்லவா, எல்லா வழியையும் போட்டுப் பார்த்தேன். விடை ஒன்றுதான்: படத்தை நானே ஏலத்தில் எடுத்துவிட வேண்டும்.

அதில் ஒரு வசதி இருந்தது. அந்த ஊரில் காணிக்கை கொடுத்தவரே அந்தப் பொருளைக் கேட்டால் வேண்டுதலுக்காக மீட்கிறார் என்று அர்த்தம். மற்றவர்கள் போட்டிக்கு வரமாட்டார்கள். ஆனால் அந்த மரியாதை பெரம்பலூர் மன்றத்துக்குத் தெரியுமா?

கொடி இறங்கியது. ஏலம் விட்ட கோயில் உபதேசியார் படத்தைத் தூக்கிப் பிடித்தார். "நடிகர் வூட்டுப் படம்! கேளுங்க, கேளுங்க!"

யாரும் கேட்கவில்லை. "அஞ்சு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். அடுத்த நொடி கூட்டத்தின் பின்னாலிருந்து "ஏழு" என்றது ஒரு குரல்.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பத்து என்றேன். பதினஞ்சு என்றது பின்குரல். இருபது. இருபத்தஞ்சு. பக்கத்தில் இருந்தவர், "என்ன சார், அவ்ளோ பெரிய வேண்டுதலா?" என்றார். தலையை ஆட்டி வைத்தேன். முப்பத்தெட்டு என்றது குரல். நாற்பத்தொன்று என்று நான் அலறியதில் ஏலத்துக்கு நின்ற சேவல் ஒன்று பதிலுக்குக் கூவியது. உபதேசியார் மூன்று தரம் சொல்லி முடித்தார்.

படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினால், மன்றத் தலைவர் தேர்க்கொட்டகை நிழலில் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, நீங்க கேக்கலியா?"

"இல்ல சார். மன்றத்துல பேசிட்டோம். அண்ணன் வேணாம்னு கழிச்சு வுட்டதாலதான இது வெளிய வந்துருக்கு? அதயே மறுபடி கொண்டுபோய் நீட்டுனா அவருக்கே சங்கடம். நீங்க வச்சுக்குங்க."

அப்படியானால் என்னோடு மல்லுக்கு நின்றது யார்? அரியலூரில் விளம்பரப் பலகை எழுதும் பெயின்டர். பந்தலுக்கு எழுதிய போர்டுகளைக் கழற்ற வந்தவர். அந்த ஊர் மீட்பு வழக்கம் அவருக்குத் தெரியாது.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார். "அந்தக் குதிரை வாலு ஒரே இழுப்புல வந்துருக்கு பாருங்க. அதுக்காகத்தான் கேட்டேன்."

"நடிகர் வூட்டுப் படம்னு சொன்னாங்களே, அதுக்காக இல்லியா?"

"அப்படியா? ஏணி மேல போர்டு கழட்டிக்கிட்டு இருந்தேன், காதுல வாங்கல. படத்தைத் தூக்கிப் பிடிச்சது மட்டும்தான் கண்ணுல பட்டுச்சு."

அன்றைக்கு ஆடு தொண்ணூறுக்குப் போனது, சேவல் பன்னிரண்டுக்கு. படம் நாற்பத்தொன்றுக்கு. நடிகர் பெயருக்காக அதில் ஒரு பைசாகூட ஏறவில்லை. ஜூன் மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது. கணக்கு வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டிருந்தது நான் ஒருவன்தான்.