எங்கள் ஊரின் பெரிய அகதி வீடு

போன மாதம் எங்கள் ஜீ.எஸ். ஒரு கட்டுப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். கிராம சேவகர் என்று முழுசாகச் சொன்னால் எங்கள் புத்தளத்து எத்தாளையில் பாதிப் பேருக்கு விளங்காது. ஜீ.எஸ். மிஸ் என்றால்தான் விளங்கும். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத மட்டும் வராது.

“டீச்சர், ஊர் விபரம் எடுக்கணும். எத்தின குடும்பம், என்ன தொழில், எத்தின கிணறு, எத்தின ஆடு... எல்லாம். நீங்க ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்கீங்க?”

சும்மாதானே! கோபம் வந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். ஏன் தெரியுமா? ஊரில் எல்லார் வீட்டுக்குள்ளும் போகலாம், கேட்கக்கூடாததையெல்லாம் கேட்கலாம், பதிலை எழுதிக்கொண்டும் வரலாம். அதுவும் அரசாங்கத்தின் அனுமதியோடு. இப்படி ஒரு வாய்ப்பை யார் விடுவார்?

படிவத்தை விரித்தவுடன் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். “டீச்சர், இது நிவாரணத்துக்கா, வரிக்கா?” எதற்கென்று தெரிந்தால்தானே பதிலைத் தீர்மானிக்கலாம்! ஒரு வீட்டில் வேலிக்குப் பின்னால் ஆடு கத்துகிறது. “அது மச்சான்ட ஆடு” என்கிறார் வீட்டுக்காரர். மச்சான் வீட்டுக்குப் போனால் அதே ஆடு இவருடையதாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிற வீடுகளில் மட்டும் எல்லாம் இரண்டு மடங்கு. தொழில் என்ற இடத்தில் ‘ஹோட்டல் முகாமையாளர்’ என்று எழுதச் சொன்னார் ஒருவர். விசாரித்தால், பக்கத்து ஆலங்குடாக் கடற்கரையில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கிறார். சரி, எழுதிக்கொண்டேன்.

ஆனால் நான் சொல்லவந்தது ஆட்டுக் கதை இல்லை. ஹாலிதாவின் கதை. இன்னும் சரியாகச் சொன்னால்... ஹாலிதாமேல் எனக்கிருக்கிற பொறாமையின் கதை.

ஹாலிதா என் பக்கத்து வளவுக்காரி. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பங்களில் ஒன்று அவளுடையது. அப்போது இளம் பெண். உம்மா வாப்பாவோடு எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். நாங்கள்தான் சோறு சமைத்துக் கொடுத்தோம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்கிறது மார்க்கம். இதோ, சொல்லிக்காட்டிவிட்டேன்.

கொஞ்ச நாளில் மற்றக் குடும்பங்கள் வேறு ஊர்களுக்குப் போய்விட, எங்கள் வாப்பா தன் வளவில் ஒரு துண்டை இவர்களுக்கு விற்றார். வெறும் மணல், ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்து, நல்ல காரியம் செய்த திருப்தியோடு விற்றார். அவர்கள் கிணறு வெட்டினார்கள். வந்தது நல்ல தண்ணீர்! வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் கிணறு இன்றைக்கும் உவர். சவர்க்காரம் நுரைக்காது, தேத்தண்ணி கரிக்கும். அதே மணல், அதே மழை, நடுவில் ஒரு வேலி மட்டும். இதை எப்படித் தாங்குவது, நீங்களே சொல்லுங்கள்?

அந்தத் தண்ணீரில் மிளகாய் வந்தது, வெங்காயம் வந்தது, பீட்ரூட் வந்தது. யுத்தம் முடிந்து ஆலங்குடாவில் ஹோட்டல்கள் முளைத்த பிறகு அவளுடைய மரக்கறி நேரே அங்கே போனது. ஓலைக் கொட்டில் கல் வீடானது, கல் வீடு மாடி வீடானது. நான் வேலிப்பக்கம் நின்றால் எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார். “இன்னும் வயிறெரியுதா?”

எரியத்தான் செய்தது. எனக்கிருந்த ஒரே ஆறுதல் அந்த வீட்டின் பெயர்.

எங்கள் ஊரில் வீட்டு இலக்கம் யாருக்கும் தெரியாது. தபால்காரர் முதல் மீன்காரர் வரை எல்லாருக்கும் அது ‘அகதி வீடு’. கொட்டிலாக இருந்தபோதும் அகதி வீடு, டைல்ஸ் போட்ட மாடியாக நிற்கும்போதும் அகதி வீடு. “அகதி வீட்டில கார் வாங்கியிரிக்காங்களாம்” என்று ஊர் கதைக்கும். யாரும் சிரிப்பதில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதுமில்லை. நான் மட்டும் கொஞ்சம் கெட்ட எண்ணத்தோடு சொல்வேன்.

இந்த நேரம் பார்த்து எங்கள் பாலர் பாடசாலைக்கு ஓர் ஆசிரியை தேவைப்பட்டது. ஊரில் நிரந்தரமாக வசிப்பவராக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. விண்ணப்பம் இரண்டு. ஒன்று என் மகள் ரிஸ்னாவுடையது. மற்றது ஹாலிதாவின் மகள் ஸப்ரீனுடையது. ரிஸ்னாவுக்குப் பிள்ளைகள் சத்தம் போட்டால் தலையிடி வரும். அவள் பெயரில் விண்ணப்பத்தை எழுதியதே நான்தான். ஸப்ரீன் இதற்கென்றே டிப்ளோமா முடித்தவள், சின்னப் பிள்ளைகளைக் கண்டால் அவர்களோடு மண்ணிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

ஹாலிதா வீட்டுக்குப் படிவத்தோடு போனேன். ஆள் இல்லை, ஆலங்குடாவுக்கு மரக்கறி கொடுக்கப் போயிருந்தாள். பிறகு வந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியாத வீடா? படிவத்தை மதிலில் வைத்து நானே நிரப்பத் தொடங்கினேன்.

வீட்டின் பெயர்: அகதி வீடு. அல்லாஹ் அறிய, அது கைப்பழக்கத்தில் எழுதியது. கிணறு: ஒன்று. தண்ணீர்: நன்னீர். அடுத்த கட்டம்: வதிவிடம் — நிரந்தரமா, தற்காலிகமா?

தற்காலிகத்தில் சரி போட்டேன். அதைப் பழக்கத்தில் போடவில்லை.

ஒரு கிழமை கழித்து ஜீ.எஸ். மிஸ் அந்த ஒரு படிவத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“டீச்சர், ஊர் முழுக்கத் தற்காலிகமா ஒரே ஒரு குடும்பம்தான் இருக்கு. இவங்க எப்ப போறாங்க?”

நான் வாயைத் திறக்குமுன் எனக்குப் பின்னால் நின்ற ரிஸ்னா கேட்டாள். “ஆர் போறாங்களாம்?”

“பாலர் பாடசாலைக் கமிட்டி இந்த லிஸ்ட்டைக் கேட்டிருக்கு” என்றார் மிஸ். “இப்பிடியே குடுத்தா அந்தப் பிள்ளையின்ட பேரை வெட்டிடுவாங்க. வீட்டுக்காரங்கட கையெழுத்தும் இல்ல. ஒருக்காக் கேட்டு வாங்கித் தாங்க டீச்சர்.”

அவர் போனபிறகு ரிஸ்னா படிவத்தைப் பார்த்தாள். “உம்மா, ஸப்ரீன் பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில. நானும் அங்கதானே பிறந்த? அப்ப நானும் தற்காலிகமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் ஹாலிதா வீட்டுக்குப் போனேன். கதிரையை இழுத்துப் போட்டாள், தேத்தண்ணி வைத்தாள். நல்ல தண்ணீரில் போட்ட தேத்தண்ணி. கையெழுத்து வைக்குமுன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தாள். வேறு யாரும் அப்படி வாசிக்கவில்லை.

“வீட்டின் பெயர்... அகதி வீடு.” அதை இரண்டாம் முறையும் வாசித்தாள். “உங்கட எழுத்து எப்பவும் வடிவுதான் டீச்சர்.”

“ஊரில அப்பிடித்தானே...” என்று இழுத்தேன்.

“ஓம். தெரியும்.” விரல் கீழே இறங்கியது. “இந்தச் சரியும் நீங்க போட்டதா?”

“ஓம்” என்றேன்.

அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“போன பெருநாளைக்கு மன்னாருக்குப் போனம். வாப்பாட காணி காடு பத்திக் கிடக்கு. அங்க பக்கத்து வீட்டாக்கள் எட்டிப் பாத்திட்டு, ‘புத்தளத்தாக்கள் வந்திரிக்காங்க’ எண்டு உள்ளுக்குச் சொல்றாங்க. சரி எண்டு இங்க வந்தா இது.” அந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். “எங்கட உம்மா மவுத்தாகி எவ்வளவு காலம்? உங்கட வாப்பாட கபுறுக்குப் பக்கத்திலதானே அடக்கியிரிக்கு. அவவும் தற்காலிகமா டீச்சர்?”

எனக்கு வெட்கமாக இருந்தது. ரிஸ்னாவும் அதே வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று ஹாலிதாவுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.

தற்காலிகத்தை வெட்டினேன். நிரந்தரத்தில் சரி போட்டேன். “வீட்டுக்கு என்ன பேர் போட?” என்று கேட்டேன். “ஹாலிதாட வீடு எண்டு போடுங்க. போதும்” என்றாள். கையெழுத்து வைத்தாள். நான் எழும்பும்போது ஒரு பை நிறையப் பீட்ரூட்டைக் கையில் திணித்தாள். அன்றைக்கே சமைத்தோம். நல்ல இனிப்பு. அதுவும் ஓர் எரிச்சல்.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லாருமே பக்கத்து வீட்டின் படிவத்தை வீட்டுக்காரரைக் கேளாமலே நிரப்பி வைத்திருப்பவர்கள்தான். எந்த ஊர், எவ்வளவு வசதி, எத்தனை நாளைக்கு இருப்பார்கள்... எல்லாம் நமக்கே தெரியும். கையெழுத்து வாங்கப் போனால்தான் சிக்கல். ஊரில் எத்தனை கிணறு, எத்தனை ஆடு என்று இப்போது அரசாங்கக் கச்சேரிக்குத் தெரியும். யாருக்கு யார்மேல் வயிறெரிகிறது என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இல்லை. இருந்திருந்தால் என் வீட்டுப் படிவத்துக்கு மேலதிகத் தாள் இணைக்க வேண்டி வந்திருக்கும்.

வேலை ஸப்ரீனுக்குத்தான் கிடைத்தது. ரிஸ்னா சந்தோஷத்தில் வட்டிலப்பம் செய்து வேலிக்கு மேலால் கொடுத்தாள். நான் தடுக்கவில்லை. கருப்பட்டியைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று மட்டும் நினைத்தேன்.

நேற்றுக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கடைக்குப் போனேன். பிள்ளையைப் பாலர் பாடசாலையில் சேர்க்க வந்த வெளியூர்ப் பெண் ஒருத்தி கடைக்காரரை அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைத்துக் கேட்டாள்.

“நானா, டீச்சர் வீடு எது?”

எனக்குள் ஒரு பூரிப்பு. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் திரும்பினேன். கடைக்காரர் பாணைச் சுற்றிக்கொண்டே கையை நீட்டினார்.

“அந்தா, அந்த மாடி வீடு.”

அந்த மனிதருக்கு ஆனா ஆவன்னா பழக்கியதே நான்தான்... எந்த டீச்சர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.