தூதரகச் சொத்து: இரும்புப் பெட்டி ஒன்று

அந்த மனிதரின் வாழ்க்கைக் குறிப்பை என் கையால் நான்கு முறை டைப் அடித்திருக்கிறேன். அவரைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதனால் நான் நியாயமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஷார்ஜாவில் அவருக்குக் கப்பல்களுக்குச் சாமான் போடும் வியாபாரம். ஜெபல் அலி துறைமுகத்தில் கப்பல் வந்து கட்டியதும் வெங்காயம், உருளைக்கிழங்கு, உறைந்த இறைச்சி, சோப்பு என்று கேட்டதையெல்லாம் ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டி போய் நிற்கும். ஆள் இந்தியப் பெருங்கடலில் ஒரு சின்னத் தீவு நாட்டுக்காரர். பம்பாயில் வளர்ந்ததால் எங்களோடு இந்தியில் பேசுவார். நான் அவருடைய டைப்பிஸ்ட்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. லீவில் ஊருக்குப் போகும் அன்று எடுத்துத் தருவார். திரும்பி வந்ததும் மறுபடி வாங்கி வைத்துக்கொள்வார். எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளும் அவர் அறையிலிருந்த பச்சை இரும்புப் பெட்டிக்குள் கிடந்தன. ஒரே சாவி. அது அவர் இடுப்பில் இருக்கும்.

குவைத் சண்டை வந்தபோது ஊரே கலங்கிக் கிடந்தது. இவர் முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை. வந்து குவிந்த போர்க்கப்பல்களுக்கெல்லாம் வெங்காயமும் இறைச்சியும் போட்டார். சண்டை முடிந்த பிறகு இரண்டு கேப்டன்களோடு நின்று எடுத்த போட்டோவைச் சுவரில் மாட்டினார். கொஞ்ச நாளில் அவருடைய நாடு அவரைக் கௌரவத் தூதராக்கியது. முதல் முறை நான் டைப் அடித்த குறிப்பில் ‘வணிகர்’ என்று இருந்தது. இரண்டாம் முறை ‘கடல்சார் வணிக நிபுணர்’ ஆனார். காரில் கொடி பறந்தது. எங்களை அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், அப்புறம் கை சொடுக்கிக் கூப்பிட ஆரம்பித்தார்.

எங்கள் வண்டியை ஓட்டியவர் எங்கள் ஊர்க்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர், அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுவேன். ஷார்ஜா ரோலாவில் ஒரே ரூமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவருக்கு ஒரே மகள். அவள் பிறந்தபோது இவர் இங்கே. அவள் பள்ளிக்கூடம் சேர்ந்ததும், காது குத்தியதும் இவர் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை. நிக்காஹுக்கு மட்டும் தான் நேரில் நின்று கைபிடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஒரு நாளுக்காக மூன்று வருஷம் லீவே கேட்காமல் இருந்தார். தேதி குறித்ததும் முதலாளியிடம் போய் நின்றார். “அச்சா, ஜாவோ” என்று தாராளமாகப் போகச் சொல்லிவிட்டார் முதலாளி.

அந்தச் சமயத்தில்தான் அவர் முழுத் தூதராகி அபுதாபிக்கு ஜாகை மாற்றினார். கம்பெனி அவருடைய மச்சான் பொறுப்புக்கு வந்தது. அவருடைய அறைச் சாமான்களையெல்லாம் தூதரகச் சொத்தாகப் பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலை அங்குள்ள அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மேஜை, நாற்காலி, கம்பளம், குளிர்பெட்டி. “பஸ்” என்றார். போதுமாம்.

அங்கே என் வாய் சும்மா இருந்திருக்கலாம். எதையும் விட்டுவிடாத கெட்டிக்காரன் என்று பேர் வாங்கும் ஆசை எனக்கு. “சாப், அந்த இரும்புப் பெட்டி?” என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், சிரித்தார். “அச்சா, லிக்கோ” என்றார். நான் எழுதினேன். எங்கள் பாஸ்போர்ட்டுகளை வெளியே எடுத்து மச்சானிடம் கொடுத்துவிட்டுத்தான் பெட்டியை அனுப்புவார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அதைப் பிக்கப்பில் தூக்கி ஏற்றியது காக்காவும் நானும். கனத்தைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கில்லை; காலியாக இருந்தாலும் அது அதே கனம்தான் கனத்திருக்கும்.

பத்தே நாள். அவருடைய நாட்டில் மந்திரிசபை மாறியது. இவரைக் கடற்படைக்குத் துணை மந்திரியாக அழைத்துக்கொண்டார்கள். மூன்று ரோந்துப் படகு வைத்திருந்த கடற்படை. அதில் ஒன்று ஓடாது என்று அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்ததுண்டு. அடுத்த விமானத்தில் போய்விட்டார், இடுப்புச் சாவியோடு.

காக்கா மச்சானிடம் பாஸ்போர்ட் கேட்டார். அது அபுதாபிப் பெட்டியில் இருக்கிறது என்றார் மச்சான். நாங்கள் இரண்டு பேரும் அபுதாபி போனோம். பெட்டியைப் பட்டியலில் சேர்க்க வாய் கொடுத்தது நான்தான் என்று வழியில் காக்காவிடம் சொன்னேன். அங்கிருந்த குமாஸ்தா என் பட்டியலையே எடுத்து என் முன்னால் நீட்டினான். “இது தூதரகச் சொத்து. பெரியவர் இல்லாமல் யாரும் கை வைக்க முடியாது.” லேபர் ஆபீஸில், தூதரகத்துக்குள் நாங்கள் நுழைய முடியாது, கலாஸ், அவ்வளவுதான் என்று கை விரித்தார்கள். போலீஸில், தொலையாத பாஸ்போர்ட்டுக்குத் தொலைந்ததென்று எப்படி எழுதித் தருவது என்று கேட்டார்கள். அந்தக் காகிதம் இல்லாமல் நம் நாட்டுத் தூதரகத்தில் வேறு பாஸ்போர்ட் கிடையாது. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். என் பட்டியல் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மந்திரிக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. பாஸ்போர்ட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. தூதரான சமயம் மூன்றாம் முறை நான் அடித்திருந்த அவருடைய வாழ்க்கைக் குறிப்பு வந்திருந்தது, பேனாவால் திருத்தி. ‘போர்க்கப்பல்களுக்கு உணவுப்பொருள் வழங்கியவர்’ என்ற இடத்தில் உணவுப்பொருளை அடித்துவிட்டுத் ‘தளவாடம்’ என்று எழுதியிருந்தார். உடனே புதிதாக டைப் அடித்து அனுப்பச் சொல்லியிருந்தார்.

அடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். மனசு குளிர்ந்து சாவியை அனுப்புவார் என்று நம்பினேன். கடைசிக் காகிதத்தின் அடியில் கெஞ்சி நான்கு வரி எழுதினேன். வெங்காயம் விற்றவனை வீரனாக்கி அனுப்பினேன். சாவி வரத்தான் செய்தது, நிக்காஹ் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து, யாரோ ஒருவர் பையில்.

தகப்பன் நேரில் இல்லையென்றால் ஃபோனில் தன் வாயால் அனுமதி தரலாம், தான் அதைக் கொண்டு நிக்காஹ் செய்துவைப்பதாக ஊர்ப் பள்ளிவாசல் கத்தீப் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை ரோலாவில் கார்டு ஃபோன் முன்னால் வரிசை நின்றது. காக்கா ஊருக்குப் போட்டுக்கொள்ளத் தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். யாருக்குக் காட்ட என்று நான் கேட்கவில்லை.

கத்தீப் கேட்டதற்கு அவர் நிமிர்ந்து நின்று சத்தமாகப் பதில் சொன்னார். “ஆமா. எம் மகள அவருக்கு நிக்காஹ் செஞ்சு கொடுக்க ஒங்களுக்கு அனுமதி தாரேன்.” லைன் சரியில்லை. மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் நின்ற ஒருவன் “யல்லா பாய், ஜல்தி” என்று கத்தினான். அவனை அடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அப்புறம் மகள் லைனில் வந்தாள் போலிருக்கிறது. “வாப்பா நல்லாத்தான் இருக்கேன் புள்ள. நீ அழுவக் கூடாது” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ரிசீவரை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். அந்த மந்திரியை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து திட்டியிருப்பேன். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

“லீவு கெடைக்கலன்னு வீட்ல சொல்லிட்டேன்” என்றார். “பெட்டி வெவகாரம் எதுவும் சொல்லல. ஒம் பேரயும் சொல்லல. சொன்னா, நம்மூர்ல ஒனக்குப் பொண்ணு தர ஒருத்தன் இருக்க மாட்டான்.”

சாயங்காலம் நான் ரூமுக்குத் திரும்பியபோது அவர் கட்டிலைப் பக்கத்து ரூமுக்கு மாற்றியிருந்தார்.