ஓரகத்தியின் ரத்தம்

என் கணவரின் தம்பி மனைவி இந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கொழுந்து நிறைந்த சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, செங்குத்தான சரிவில் பேசிக்கொண்டே ஏறுவாள். என்னால் பாதி வழிகூட முடியாது. நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும், பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"உக்காருங்கக்கா. நான் இதைப் போட்டுட்டுத் திரும்பி வாறேன்" என்பாள்.

அந்தக் கரிசனத்தைக் கண்டால்தான் எனக்கு அதிகமாக எரியும். வயதில் நான் மூத்தவள், அந்த வீட்டுக்கு முதலில் வந்தவளும் நான்தான்.

நான் கீழே மறையூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மேலே காற்று மெலிசு, அது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கணவர் சொல்வார். மாமியார் அப்படிச் சொல்லவில்லை. "பெரியவளுக்கு ஒடம்பு வளையல. சின்னவளப் பாரு" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மாதாமாதம் எனக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்யவேண்டும், அதற்கு முன்னால் ரத்தம் ஏற்றவேண்டும் என்றார் டாக்டர்.

"எனக்கு மூச்சுதானே கோளாறு?" என்று நர்ஸிடம் கேட்டேன். மலையாளம் கலந்த தமிழில் அவர் பொறுமையாகச் சொன்னார்.

"சேச்சி, மூச்சு சரியாத்தான் உள்ள போகுது. ஆனா காத்துல இருக்கற ஆக்சிஜனை உடம்பெல்லாம் கொண்டுபோக ரத்தத்துல சிவப்பு அணு வேணும். அதுக்குள்ள இரும்புச் சத்து இருக்கு. நுரையீரல்ல ஆக்சிஜனைப் பிடிச்சிக்கிட்டு, கை கால் மூளைன்னு வேணுங்கற இடத்துல விட்டுட்டு, மறுபடி எடுக்க வரும். உங்களுக்குச் சுமக்க ஆள் பாதிதான் இருக்கு. அதனாலதான் இருக்கற கொஞ்சத்தை வச்சு இதயம் வேகவேகமா ஓட்டுது."

என் குரூப் எளிதில் கிடைக்காதது. ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. கணவருக்கும் கொழுந்தனுக்கும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது சின்னவளுக்குத்தான்.

அவளைச் சோதித்துவிட்டு வந்த நர்ஸ், "ரத்தத்துல நல்ல ஹீமோகுளோபின் இருக்கு, கேட்டோ" என்று மெச்சினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு அவள் கொடுத்த ரத்தப் பையைக் கம்பியில் மாட்டினார்கள். கரும் சிவப்பாக, சொட்டுச்சொட்டாக எனக்குள் இறங்கியது. மறுநாள் காலையில் எழுந்து கழிப்பறைவரை போய் வந்தேன். கண் இருட்டவில்லை. இத்தனை வருஷமாக அவள் இப்படித்தான் நடந்திருக்கிறாள் என்று தோன்றியது.

"இன்னொருத்தர் ரத்தம் எத்தனை காலம் இருக்கும்?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"கூடிப்போனா நாலு மாசம். அதுக்குள்ள உங்க எலும்பு மஜ்ஜை புதுசு உண்டாக்கிடும். மாத்திரையை விடாமச் சாப்பிடணும்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றைப் புரட்டினாலும் இரும்பு மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை. "சின்னவ ரத்தந்தான் இவளை எழுப்பி உட்கார வச்சிருக்கு" என்று மாமியார் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு முருங்கைக்கீரையை மென்றேன்.

ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். சாக்கோடு அவளுக்குப் பின்னால் ஏறினேன். பாறையிடம் நிற்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப நல்லா ஏறுறீங்கக்கா."

"ஒன்னோட ரத்தம் எப்பவோ தீந்துபோச்சு. இது என்னோடது" என்றேன்.

"தீந்தாத் தீரட்டும். நான் எங்க போயிட்டேன்? வேணும்னா மறுபடி தாறேன்" என்று சிரித்துவிட்டு நடையை எட்டிப் போட்டாள்.

ரோட்டுக்கு வந்தபோது அவள் சாக்கை எடை போட்டு முடித்திருந்தார்கள். என்னுடையதை இறக்க இரண்டு கையையும் நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. நானே இறக்கிவைத்தேன். எடை அவளுக்குத்தான் கூடுதல்.