மேல்ஸ்தாயி போன பின்

பாடிப் பிழைப்பவர்களுக்குக் கடையும் சரக்கும் தொண்டைக்குள்ளேயே இருக்கின்றன. பந்திக்கு ஓடும் கூட்டத்தைப் பார்த்துப் பாடிய சகஜீவன்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

காயம் ஆறியது

கல்லூரி முடித்ததிலிருந்தே தாம்பரம் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில் கிடாரை மாட்டிக்கொண்டு பாடுவதுதான் என் வேலை. அறுபதைத் தாண்டியபின் தைராய்டுக்காகக் கழுத்தில் ஆபரேஷன் செய்தார்கள். காயம் ஆறியது, மேல்ஸ்தாயி திரும்பவில்லை. குரல் ஏற ஏறக் கரைந்து வெறும் மூச்சாகிவிடும். இனி எப்படிப் பாடுவேன் என்று அழுதேன். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா அழறீங்க? நல்லாத்தானே பேசறீங்க!"

ஒரு பொத்தான்

எங்கள் குழுவின் கீபோர்டுக்காரர் செல்வம் ஒரு வழி செய்தார். என் பாட்டு வரும்போது ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை இறக்கிவிடுவார். நானும் கிடாரில் விரல்களை இடம் மாற்றிக்கொள்வேன். அடுத்தவர் பாட வந்ததும் பழையபடி ஏற்றிவிடுவார். கேட்பவர்களுக்குத் தெரியாது.

கீழ்க்கட்டளையில் ஒரு மண்டபத்தில் அவர் சுருதியை இறக்க மறந்துவிட்டார். முன்னிசை பழைய உயரத்திலேயே தொடங்கிவிட்டது. நடுவில் நிறுத்த முடியுமா? நானும் ஏறினேன். பல்லவியை எப்படியோ கடந்தேன். சரணத்தில் உதடுகள் அசைந்தன, ஒலி இல்லை. செல்வத்தின் முகம் வெளுத்துப்போனது. முன்வரிசையில் கல்யாணப் பெண்ணின் மாமா எழுந்து நின்று கத்தினார்: "இன்னாபா மைக் செட்டு! அந்தம்மா பாடிகினு கீறாங்க, சத்தமே வரல, இன்னான்னு பாருபா!"

நாற்காலி

அதன்பின் காட்டாங்குளத்தூரில் படிக்கும் ஒரு பெண்ணைச் செல்வம் அழைத்துவந்தார். நல்ல பெண். என் பாட்டுகளை, நான் பாடிய அதே உயரத்தில், சிரமமே இல்லாமல் பாடினாள். அவளை வெறுக்கக்கூட எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. என் மைக் ஸ்டாண்டு அவளுக்கு நகர்ந்தது. செல்வம் என் முகத்தைப் பார்க்காமல், வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "கிடாருக்கு உங்கள விட்டா யாரு இருக்காங்க, அக்கா? பின்னாடி சேர் போட்டிருக்கேன், சாஞ்சு உக்காந்து வாசிங்க."

கோவிலம்பாக்கத்து வீடு

எங்கள் தெருவில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரின் மனைவி இறந்துபோனார். கிறிஸ்தவக் குடும்பம்; சவப்பெட்டியை ஆலயத்துக்கு எடுக்குமுன் வீட்டில் பாடுவது அவர்கள் வழக்கம். பாடகர் குழு வழியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. "ஆன்ட்டி, நீங்க ஆரம்பிச்சு வைங்களேன்" என்றான் மகன். கீழ்க்கட்டளை நினைவுக்கு வந்தது.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை, என் தொண்டைக்கு எட்டிய இடத்தில், தாழ்வாகவே எடுத்தேன். முதல் அடியிலேயே பக்கத்து வீட்டம்மா சேர்ந்துகொண்டார். பிறகு வாசலில் நின்ற ஆண்கள். கடைசியில், காலையிலிருந்து வாய் திறக்காத அந்தக் கணவர். என் பாட்டுக்குக் கைதட்டியிருக்கிறார்கள், சாப்பிட்டிருக்கிறார்கள். கூடப் பாடியவர் யாருமில்லை. என் பழைய உயரத்துக்கு யார்தான் வந்திருக்க முடியும்? பாடி முடித்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாடறவங்க எப்பவும் மேல போயிடுவாங்க, நாங்க கீழயே நிப்போம். இன்னிக்கு நீங்க கூடவே இருந்தீங்கம்மா."

இப்போது எந்த மண்டபமும் என்னைக் கூப்பிடுவதில்லை; ஆனால் இந்த வட்டாரத்தில் யாருக்காவது மூச்சு இழுத்தால் ஆம்புலன்ஸுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் ஃபோன் வருகிறது என்பதால், தொழிலில் முன்னேறிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.