ஐந்து நாடுகளுக்கு ஒரே பாஸ்

பர் துபாயில் எங்கள் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசையில் அந்தக் கோடை முழுவதும் ஐரோப்பா விரிந்து கிடந்தது. சாப்பிடும்போது ரயில் வரைபடத்தை மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைப்பேன். தட்டுகளை எடுத்ததும் மறுபடி விரிப்பேன்.

ரயிலிலேயே ஐரோப்பாவைச் சுற்றும் யோசனை என் மகளுடையது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். மெட்ரோவையும், லீவில் ஊருக்குப் போனால் ஏறும் கோயம்புத்தூர் வண்டியையும் தவிர ரயில் என்றால் என்னவென்று தெரியாது. "ஒரே பாஸ்மா. அஞ்சு நாட்டுக்கும் அதுவே போதும், சோ ஈஸி" என்றாள். பரீட்சை முடித்த பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

ஈஸியாக இல்லை. எங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். விசாவுக்கு ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறோம் என்று காட்ட வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாட்டுக்கு அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்கவில்லை. சரி, வேறு நாட்டில் அதிக நாள் தங்கலாம் என்று பாதையையே திருப்பிப் போட்டால், அங்கே ஓடும் வேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனி ரிசர்வேஷன் வேண்டுமாம். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய சீட்டெல்லாம் தீர்ந்துவிட்டதாம். ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு செல்போனில் இதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கணவர் அபுதாபி பக்கம் ஒரு கட்டுமான சைட்டில் எஞ்சினியர். விடியுமுன் கம்பெனி வண்டி ஏறுவார், இருட்டித்தான் திரும்புவார். எதைக் கேட்டாலும் "உனக்குச் சரின்னா சரி" என்பார். அந்தப் பதில்தான் என்னை மிகவும் அலுக்க வைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டின் நடுவிலேயே கேட்டேன்.

"ஏங்க, மூணாவது ஊர்ல ரெண்டு ராத்திரி போதுமா?"

நிமிர்ந்து பார்த்தேன். ரசம் சாதம் பிசைந்த கை தட்டிலேயே இருக்க, உட்கார்ந்தபடி தூங்கிவிட்டிருந்தார். தோளைத் தொட்டேன். விழித்துத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? பெட்டியத் தூக்கிட்டு ரயில் ரயிலா ஏறி இறங்க என்னால முடியாது. ஒரே எடத்துல படுத்துத் தூங்கணும். யாரும் போன் பண்ணக் கூடாது."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையா இருந்தீங்க."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவரைப் போலவே எனக்கும் எங்காவது காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றிருந்தது. எதிரே இருந்த மகளைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. கை கழுவி வந்து வரைபடத்தை அவளே விரித்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, மூன்று நாடுகள் தொட்டுக்கொள்ளும் ஒரு ஏரியின் மேல் விரல் வைத்தாள்.

"இங்க ஒரே ரூம் போட்டுக்கலாம். அப்பா தூங்கட்டும். நாம காலைல ட்ரெயின்ல போய்ட்டு சாயந்திரம் வந்துடலாம்."

அப்படித்தான் போனோம். விசாவும் ஒருவழியாகக் கிடைத்தது. நானும் அவளும் தினமும் எங்காவது போய் வருவோம். சின்ன ரயில்கள், ரிசர்வேஷன் தேவையில்லை. அவர் ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் தூங்கினார். ஊர் திரும்பும் நாள் நெருங்கியபோது ஒரு நாள் காலையில் தானாகவே ஷூவை மாட்டிக்கொண்டு, "இன்னைக்கு நானும் வரேன்" என்றார்.

வண்டி நகர்ந்ததுமே அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. எல்லையை எப்போது கடந்தோம் என்று எனக்கும் தெரியவில்லை. பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. செல்போனில் பார்த்துவிட்டு மகள்தான் சொன்னாள்.

"வேற நாடு வந்தாச்சும்மா. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கணும். அப்பாவ எழுப்பட்டா?"

"வேண்டாம். இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்."

கடைசி ஸ்டேஷன் வரை போனோம். எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து கண்ணாடியைத் தட்டினார். இவர் திடுக்கிட்டு எழுந்து, "சைட் வந்தாச்சா?" என்றார். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, கையைப் பிடித்து இறக்கினேன்.